மருத்துவர் பார்க்காத 8,758 மணி நேரம்: நாட்பட்ட நோயில் குடும்பத்தின் பங்கு

நோயாளியின் குடும்பத்தினரும் சிகிச்சையில் பங்குதாரர்கள் என்ற வாசகம் மருத்துவமனைச் சுவரொட்டிகளிலும் விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் தவறாமல் இடம்பெறுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அன்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற புத்திமதியாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். நர்ஸ் செய்ய வேண்டிய வேலையை வீட்டார் தலையில் கட்டுவதற்கான சாக்கு என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. அப்பாவுக்கு என்ன நோய் என்பது அப்பாவைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருப்பதையே குடும்பப் பங்கேற்பு என்று நம்புகிற வீடுகளும் நிறைய.

இவற்றில் எதுவும் அதன் பொருள் அல்ல. சரியாகப் புரிந்துகொள்ளாததால் ஏற்படும் இழப்பு பெரியது. அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

## கணக்கு போட்டுப் பார்த்தால்

டைபாய்டு காய்ச்சலுக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. மருந்து சாப்பிட்டால் குணமாகும். அதன்பின் மருத்துவரை மறந்துவிடலாம். சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, ஆஸ்துமா, மனச்சிதைவு போன்றவை அப்படியல்ல. முற்றிலும் குணமாகாமல், கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் கூடவே வாழ வேண்டிய நோயை நாட்பட்ட நோய் என்கிறோம்.

இந்த வேறுபாட்டின் விளைவை எண்ணிக்கையில் பார்த்தால் தெளிவாக விளங்கும். ஓராண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. மாதம் ஒரு முறை தவறாமல் மருத்துவரிடம் போய், ஒவ்வொரு முறையும் அவர் பத்து நிமிடம் பேசினால் (கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் அதுவே தாராளம்), ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். மீதி 8,758 மணி நேரமும் நோய் வீட்டில்தான் இருக்கிறது. எந்த மாத்திரையை எப்போது விழுங்குவது, சாம்பாரில் எவ்வளவு உப்பு போடுவது, காலில் பட்ட சிறு கீறலைக் கவனிப்பதா விடுவதா என்பதெல்லாம் முடிவாவது அந்த நேரத்தில். அந்த நேரத்தில் நோயாளிக்கு அருகில் இருந்து, சம்பளம் வாங்காமல் கவனித்துக்கொள்ளும் உறவினரையோ நண்பரையோ குடும்பப் பராமரிப்பாளர் என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

## ஏரியும் நீர்பாய்ச்சியும்

பாசன ஏரி உள்ள ஊர்களில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். சில வட்டாரங்களில் அவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். பொதுப்பணித் துறைப் பொறியாளருக்கு ஏரியின் கொள்ளளவு, கரையின் பலம், கலங்கலின் அகலம் எல்லாம் தெரியும். ஆனால் எந்த மடையில் கசிவு, எந்த வாய்க்கால் தூர்ந்துவிட்டது, எந்தக் கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்பதை நீர்பாய்ச்சிதான் அறிவார். இருவருடைய அறிவும் வேறு வேறு. ஒருவரை வைத்து இன்னொருவரை ஈடுகட்ட முடியாது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நீர்பாய்ச்சி யார் என்று ஊருக்கே தெரியும். அவருடைய வேலை எது, எது இல்லை என்பதும் தெரியும். மடை உடைந்தால் யாரிடம் ஓட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அறுவடை முடிந்ததும் அவருக்குரிய நெல்லைக் களத்திலேயே அளந்து கொடுத்தார்கள். பங்குதாரர் என்றால் இந்த ஏற்பாடு முழுவதும் இருக்க வேண்டும். நம் மருத்துவமனைகள் குடும்பத்திடம் வேலையை மட்டும் கொடுத்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடுகின்றன. என் வருத்தம் முழுவதும் அங்கேதான்.

## வீட்டில் இருப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரிவது

இப்போது உண்மையான இயக்கத்துக்கு வருவோம். இதயச் செயலிழப்பை எடுத்துக்கொள்கிறேன். இதயம் நின்றுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. ரத்தத்தை இறைக்கும் திறன் குறைந்துவிட்ட நிலை இது. இறைப்பது குறைந்தால் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தமும் குறைகிறது. உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று சிறுநீரகம் தவறாகப் புரிந்துகொண்டு, உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. அந்த நீர் முதலில் கணுக்காலிலும், பிறகு நுரையீரலிலும் சேர்கிறது. இதைக் குறைக்கத்தான் நீர் மாத்திரை கொடுக்கிறார்கள்.

இந்த நீர் ஒரே இரவில் சேர்ந்துவிடுவதில்லை. மூச்சு முட்டி ஆம்புலன்ஸ் கூப்பிடும் நிலை வருவதற்குப் பல நாட்கள் முன்பே அடையாளங்கள் தெரியத் தொடங்கும். அவற்றில் மிகவும் நம்பகமானது எடை. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன்பு, ஒரே எடைக் கருவியில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் உடனே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். மூன்று நாளில் யாருக்கும் இரண்டு கிலோ சதை போடாது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ, ஏறியது நீர். கொலுசோ சாக்ஸோ பதிந்த தடம் வழக்கத்தைவிட ஆழமாகத் தெரிவதும், கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் குழி மறையாமல் நிற்பதும் இதே செய்தியைச் சொல்கின்றன.

தலையணையும் அப்படித்தான். நுரையீரலில் நீர் சேரும்போது தட்டையாகப் படுத்தால் மூச்சுத் திணறும். நோயாளி தன்னை அறியாமலே தலையணையை உயர்த்திக்கொள்வார். மாதாந்தர ரிவியூவில் மருத்துவர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலான ஆண்கள் "பரவாயில்லை டாக்டர்" என்பார்கள். பொய் சொல்வதில்லை, மெல்ல மெல்ல வந்த மாற்றத்துக்குப் பழகிப்போயிருக்கிறார்கள். அருகில் நிற்கும் மனைவி, "பத்து நாளாக மூன்று தலையணை வைத்துத்தான் படுக்கிறார். நேற்று இரவு நாற்காலியிலேயே தூங்கினார்" என்று சொன்னால், அந்த ஒரு தகவல் நீர் மாத்திரையின் அளவையே மாற்றிவிடும். ஸ்டெதஸ்கோப் அந்த நிமிடத்தின் நிலையைச் சொல்கிறது. பத்து நாளின் போக்கைச் சொல்ல மனைவிதான் இருக்கிறார். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பரிசோதிக்கும் வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது.

சர்க்கரை நோயில் இதைவிடக் கூர்மையான ஒரு சூழல் உண்டு. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பாடு தாமதமானாலோ, சில வகை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு விரதம் இருந்தாலோ, ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடலாம். இதற்குத் தாழ்சர்க்கரை என்று பெயர். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை வரும். முதியவர்களிடம் சில நேரம் குழப்பமான பேச்சு மட்டுமே அடையாளமாக இருக்கும். மூளைக்குச் சர்க்கரைதான் எரிபொருள். ஆகவே ஆபத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய உறுப்பே அந்த நேரத்தில் தடுமாறுகிறது. தனக்குத் தாழ்சர்க்கரை என்று நோயாளியால் உணர முடியாத தருணம் உண்மையிலேயே உண்டு. அப்போது வீட்டில் இருப்பவர்தான் காப்பாற்ற முடியும். நினைவு இருந்தால் மூன்று, நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். பதற்றத்தில் வாயில் ஊற்றிய சர்க்கரைத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நாட்பட்ட நோயில் அன்றாட நிகழ்வுகள் வீட்டில் நடக்கின்றன, அவற்றின் போக்கைக் காண்பவர் பராமரிப்பாளர். அவர் கண்டது மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டும். எதைப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவரிடமிருந்து அவருக்கு வர வேண்டும். இந்த இருவழிப் போக்குவரத்துதான் மருத்துவரும் குடும்பமும் சேர்ந்த கூட்டின் அடிப்படை.

## டிஸ்சார்ஜ் நாளில் விட்டுப்போவது

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் நாளை நினைத்துப் பாருங்கள். மகன் பில்லிங் கவுன்ட்டருக்கும் இன்சூரன்ஸ் மேசைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார். ஆட்டோ வந்துவிட்டது. நர்ஸ் மாத்திரை அட்டைகளை எடுத்து, "இது காலையில் வெறும் வயிற்றில், இது இரவு பாதி, இது ஒரு நாள் விட்டு ஒரு நாள்" என்று விரைவாகச் சொல்கிறார். மகன் தலையாட்டுகிறார். டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கிறது. நாளை காலை அந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கப்போகும் மருமகளோ மனைவியோ அந்த நேரத்தில் வீட்டில் கஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறார்.

அறிவுரையைக் கேட்டவர் ஒருவர், செய்யப்போகிறவர் வேறொருவர். இந்தச் சின்ன இடைவெளியில் எத்தனையோ தவறுகள் நுழைகின்றன. பழைய மாத்திரையும் புதிய மாத்திரையும் ஒரே மருந்து, கம்பெனிப் பெயர் மட்டும் வேறு என்று தெரியாமல் இரண்டையும் கொடுப்பது அவற்றில் அடிக்கடி நடப்பது.

அமெரிக்காவில் இதற்காகவே மாநிலங்கள் ஒரு சட்டத்தை இயற்றத் தொடங்கின. 2014-ல் ஓக்லஹோமா முதலில் செய்தது. பிறகு 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் தொடர்ந்தன. சட்டம் கேட்பது எளிமையானது. வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகிறவரின் பெயரை மருத்துவமனைப் பதிவேட்டில் எழுது. டிஸ்சார்ஜ் செய்யும் முன் அவருக்குத் தகவல் சொல். அவர் செய்ய வேண்டிய வேலையைக் கற்றுக்கொடு. இவற்றுக்குப் புதிய கருவியோ பெரிய செலவோ தேவையில்லை.

கற்றுக்கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதில், "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், நாளை காலை எந்த மாத்திரை கொடுப்பீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்பது மறுசொல்லல் முறை. தப்பாகச் சொன்னால் சொல்லிக்கொடுத்தவர் வேறு விதமாக மறுபடியும் விளக்க வேண்டும். கர்நாடகம், பஞ்சாப் உள்ளிட்ட மாநிலங்களின் அரசு மருத்துவமனைகளில் நூரா ஹெல்த் என்ற அமைப்பு, வார்டிலேயே உறவினர்களை உட்காரவைத்து நர்ஸ்களைக் கொண்டு பயிற்சி தருகிறது. வார்டில் காத்திருக்கும் நேரத்தை அவர்கள் பாடமாக மாற்றியிருக்கிறார்கள்.

## வேலையைத் தள்ளிவிடுவது கூட்டு ஆகாது

பயிற்சி கொடுத்துவிட்டால் குடும்பமே எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நினைப்பது இன்னொரு ஓரத்துக்குப் போவது. இதை இந்தியாவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 14 மருத்துவமனைகளில், பக்கவாதம் வந்த 1,250 பேரிடம் நடத்தப்பட்ட அட்டெண்ட் ஆய்வின் முடிவு 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு; மற்றொரு பிரிவில் குடும்பத்தினருக்குப் பயிற்சி கொடுத்து மறுவாழ்வுப் பயிற்சிகளை வீட்டில் செய்யவைத்தார்கள். ஆறு மாதம் கழித்து, இறப்பிலும் பிறரைச் சார்ந்திருக்கும் நிலையிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை.

ஏமாற்றம் தரும் முடிவுதான். ஆனாலும் மறைக்காமல் சொல்ல வேண்டியது. இயன்முறை மருத்துவரின் வேலையைக் குடும்பத்திடம் மாற்றிவிட்டால் அதே பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு இதில் ஆதாரம் கிடைக்கவில்லை. குடும்பம் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. குடும்பத்தின் பலம் கவனிப்பது, நினைவூட்டுவது, தகவல் சொல்வது, கற்றுக்கொண்ட எளிய வேலைகளைச் செய்வது. வல்லுநரின் கையை அது ஈடுகட்டாது.

கேரளத்தில் வேறொரு வழியில் போனார்கள். கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், வீட்டாருக்குப் புண்ணைச் சுத்தம் செய்யவும் மருந்தை நேரம் தவறாமல் கொடுக்கவும் கற்றுக்கொடுத்தது. ஆனால் மருத்துவரும் நர்ஸும் தன்னார்வலர்களும் விலகிக்கொள்ளவில்லை. வீடு தேடி வந்துகொண்டே இருந்தார்கள். 2008-ல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. வேலை பிரிக்கப்பட்டதே தவிரப் பொறுப்பு கைகழுவப்படவில்லை.

## நோயாளியைக் கேட்டீர்களா?

கூட்டில் முதல் பங்குதாரர் நோயாளிதான். இதை நம் வீடுகள் எளிதில் மறந்துவிடுகின்றன. பெரியவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே அவரைத் தாண்டி மருத்துவர் மகனிடம் பேசுவதும், மகன் அவருக்குப் பதிலாகப் பதில் சொல்வதும் சாதாரணமாக நடக்கின்றன. எந்தத் தகவலை யாரிடம் சொல்லலாம் என்பதை நோயாளி தீர்மானிக்க வேண்டும். மனநலத்தைப் பொறுத்தவரை இதற்குச் சட்டமே இருக்கிறது: 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தன் சார்பில் பேசும் நியமனப் பிரதிநிதியை ஒருவர் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ இட்டு நியமிக்கலாம்.

அக்கறையின் பெயரால் நச்சரிப்பதும் பலன் தராது. "இனிப்பைத் தொட்டாயா? மாத்திரை போட்டாயா?" என்று ஓயாமல் விசாரித்தால், நோயாளி ஒளித்துச் சாப்பிடப் பழகுகிறார், வீட்டார் பார்க்கிற தகவலே பொய்யாகிவிடுகிறது. லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் அவருடைய சகாக்களும் 1950-களின் பிற்பகுதியிலிருந்து மனச்சிதைவு நோயாளிகளின் வீடுகளை ஆராய்ந்தார்கள். குறை சொல்லும் பேச்சும் விரோதமும் அளவுமீறிய தலையீடும் மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மறுபடியும் தலைதூக்குவது அதிகமாக இருந்தது. குடும்பத்தால்தான் நோய் வந்தது என்று இதைப் படிப்பது தவறு. குடும்பச் சூழலும் மருந்தைப் போலவே நோயின் போக்கைப் பாதிக்கிறது. அதைக் கற்றுக்கொண்டு மாற்ற முடியும் என்பதே இதன் செய்தி.

குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பாணி என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளிகளோடு அவர்களுடைய குடும்பத்தினரையும் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் உறவினர் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கேற்பது நீண்ட காலப் பழக்கம்.

## பார்த்துக்கொள்கிறவரின் உடம்பு

இரவில் மூன்று முறை எழுந்து கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்பவருக்குத் தூக்கம் போகிறது, இடுப்பு போகிறது, சில நேரம் வேலையும் போகிறது. உடல், மனம், பணம், உறவு எல்லாவற்றிலும் ஏறும் இந்த நெருக்கடியைப் பராமரிப்புச் சுமை என்கிறார்கள். அதை அளக்கக் கேள்வித்தாள்கள் உண்டு. 1980-ல் உருவான சாரிட் கேள்வித்தாள் இன்றும் பயன்படுகிறது. இங்கிலாந்தில் 2014-ம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பாளரின் சொந்தத் தேவைகளை மதிப்பிடக் கேட்கும் உரிமையை அவருக்கே தருகிறது.

நம் ஊரில் இந்தச் சுமை பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் ஆகியோர் மீது விழுகிறது. அது வேலை என்றே கணக்கில் வருவதில்லை. கணவரின் பி.பி. மாத்திரைக்கு மாதந்தோறும் வரும் பெண்ணுக்கு அவருடைய சொந்த பி.பி.யைப் பார்த்துச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். மருத்துவர்கள் இதைக் கேட்டு வாங்கும் உரிமையாகக் கருதாமல், தாமே முன்வந்து செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

## எங்கே தொடங்குவது

அடுத்த ரிவியூவுக்கு, மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் போகட்டும். வாகனம் ஓட்டத் தெரிந்தவர் என்பதற்காக மகன் மட்டும் போனால் போதாது. வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், சித்த மருந்து, சத்து மாவு உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒரு நோட்டில் தேதி, எடை அல்லது சர்க்கரை அளவு, வித்தியாசமாகத் தெரிந்தது ஆகியவற்றை வரிக்கு வரி எழுதுங்கள். மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: நான் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்? எந்த அளவு தாண்டினால், யாரை, எந்த எண்ணில் கூப்பிட வேண்டும்? இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்காமல் அறையைவிட்டு வர வேண்டாம்.

மருத்துவமனைப் பக்கம் நேரமில்லை என்ற பதில் வரும். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு ஒரு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வலி தணிப்புச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும்கூட அதே திட்டத்தில் வீடு தேடி வருகின்றன. மாத்திரையைக் கையில் கொடுக்கும் அந்த நேரத்தில், சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும் பெண்ணையும் கூப்பிட்டு உட்காரவைத்து, தாழ்சர்க்கரையின் அடையாளங்களைச் சொல்லி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவைக்க ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். அதற்கான பயிற்சியைத் தன்னார்வலருக்குக் கொடுப்பதும், வீட்டில் பார்த்துக்கொள்பவரின் பெயருக்கு நோயாளியின் அட்டையில் ஒரு கட்டம் சேர்ப்பதும் அரசு செய்ய வேண்டிய அடுத்த வேலைகள்.